ஓரம் வெட்டிய மாத்திரை

மாத்திரை அட்டையின் ஓரத்தை நறுக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கிளினிக்கில் சட்டம். வேலைக்குச் சேர்ந்த அன்றே செயலாளர் சொல்லிவிட்டார். “அந்தத் தகடு கூர்மையா இருக்கும்மா. வீட்ல பிள்ளைக எடுத்து விளையாடும். கையைக் கிழிச்சிட்டா பாவம் இல்லையா?” என்றார். எப்பேர்ப்பட்ட மனுஷன், பெற்றவளுக்குக்கூட இது தோன்றாதே என்று நினைத்தேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப்போல் ஒரு மடச்சி உண்டா?

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டு எண்பதுகளின் நடுவில் இராஜபாளையத்தில் அந்தத் தர்ம கிளினிக்கில் சேர்ந்தேன். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் கூடி நடத்திய டிரஸ்ட் அது. ஏழைகளுக்கான இடம் என்பதால், அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கம்பெனிகள் கொடுக்கிற அதே சலுகை விலையில் எங்களுக்கும் மருந்து வரும். ‘ஏழைகளுக்கு அரசு விலையில் மருந்து’ என்று வாசலில் பெயிண்டால் எழுதிய போர்டு தொங்கியது.

எந்த மருந்துக்கு எவ்வளவு காசு வாங்க வேண்டும் என்ற பட்டியல் செயலாளர் அறையிலிருந்து டைப் அடித்து வரும். மெடிக்கல் ஷாப் விலையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்கே ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான் என்பதால் கும்பிடெல்லாம் எனக்கு வந்தது. சொன்னால் என்ன, சுகமாகத்தான் இருந்தது.

அட்டையின் ஓரத்தில் நீல மையில் ‘அரசு சப்ளை’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். நான் ஒன்றும் குருடி இல்லை. படித்தேன். அரசு விலைக்கு வாங்குகிறோம், அரசு விலைக்குக் கொடுக்கிறோம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நறுக்கித் தள்ளினேன். மூலைகளை வளைவாக வேறு வெட்டுவேன். “நீ தையல் கிளாஸுக்குப் போக வேண்டியவ, வழி தவறி இங்க வந்துட்டே” என்று டாக்டரம்மா கேலி செய்வார். மதுரைக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மதியம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்வம்பு முழுக்கப் பேசுவோம். எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி அவர்தான்.

தேவதானத்தில் இருந்த என் பெரியம்மா மகள், அக்கா, இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிற வேலை பார்த்தாள். காலையில் சேத்தூர் வழியாக வரும் டவுன் பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவாள். இருமல் வந்தபோது பஞ்சுத் தூசி என்று விட்டுவிட்டாள். சளியில் ரத்தம் வந்த பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். காசநோய் என்றார்கள். அங்கே ஊசி, மாத்திரை எல்லாம் இலவசம். ஆனால் இரண்டு பஸ் மாறி வந்து வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு.

அவளை அங்கிருந்து கூட்டி வந்தது நான். “எதுக்குக்கா அங்க கெடந்து அல்லாடுத? எங்க கிளினிக்கு ஒங் கம்பெனிக்குப் பக்கம்தான. டாக்டரம்மா என் சிநேகிதி. அரசாங்க வெலைக்கே மருந்து” என்றேன். “நீ சொன்னாச் சரிட்டி” என்று வந்துவிட்டாள். எங்கள் கிளினிக்கின் புது எக்ஸ்ரே மெஷினில் மார்பைப் படம் எடுத்தார்கள். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார். சிவப்பு கேப்சூல் சாப்பிட்டால் ஒன்றுக்குப் போவதும் சிவப்பாகத்தான் இருக்கும், பயந்துவிடாதே என்று நான் சொன்னேன்.

அக்கா மாதத்துக்குப் பதினைந்து நாள் மருந்துதான் என்னிடம் வாங்குவாள். மீதியைக் கம்பெனி முதலாளி வாங்கித் தருகிறார் என்றாள். பரவாயில்லையே, அந்த மனுஷனுக்கும் நெஞ்சில் ஈரம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆடிப் பூரத்தன்று செயலாளர் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார். எங்கள் ஊர்த் தேருக்கு அவர் போக, நான் இராஜபாளையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். லாரி சர்வீஸிலிருந்து மருந்துப் பெட்டி வந்தது. வழக்கமாக அவரே பிரித்து, மருந்தை மட்டும் என்னிடம் அனுப்புவார். அன்று நான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். உள்ளே பில் இருந்தது.

மூன்று தடவை படித்தேன். சிவப்பு கேப்சூலுக்கு அதில் போட்டிருந்த விலை, நான் அக்காவிடம் வாங்கியதில் கால்வாசிகூட இல்லை. அடியில், இந்த மருந்தை வாங்கிய விலைக்கே ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், கூடுதலாக விற்கக் கூடாது என்று தெளிவாக அச்சடித்திருந்தது. குழந்தைகள் கையைக் கிழிக்குமாம்! அந்த நீல எழுத்தை எவனும் பார்த்துக் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று என் கையாலேயே வெட்ட வைத்திருக்கிறார்கள். நான் அதில் பூ வேலை வேறு செய்திருக்கிறேன். உடம்பெல்லாம் எரிந்தது.

பில்லைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

“தெரியும்” என்றார்.

“எப்பருந்து?”

“வந்த வருஷத்திலிருந்தே. கதவைச் சாத்திட்டு உட்காரு. உனக்குச் சம்பளம் எங்கேருந்து வருதுன்னு நினைச்சே? எனக்கு? அந்த எக்ஸ்ரே மெஷின் எப்படி வந்துச்சு? நன்கொடை தர்றேன்னு சொன்னவங்கல்லாம் திறப்பு விழாவுல போட்டோ எடுத்துக்கிட்டதோட சரி. இந்த மருந்துல நிக்கிற காசுலதான் கிளினிக்கே ஓடுது. செயலாளர் தன் பைக்குள்ள பத்துப் பைசா போட்டுக்கல.”

“சீக்காளிகிட்டப் புடுங்கித்தான் சீக்காளிக்கு ஆஸ்பத்திரி நடத்துதோமா?”

“அப்படியே வச்சுக்கோயேன். நிறுத்தினா இழுத்து மூடணும். பரவாயில்லையா?”

அந்த ஆள் திருடித் தின்றிருந்தால்கூட வாய் நிறைய வைதுவிட்டு மனசு ஆறியிருக்கும். “எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல? தெனமும் ஒண்ணா ஒக்காந்துதான சாப்பிட்டோம்?” என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா நீ இம்புட்டுச் சந்தோஷமா நறுக்கியிருப்பியா?” என்றார்.

பாவி! சிரிக்காமல், சாதாரணமாக, பிரிஸ்கிரிப்ஷன் எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிரஸ்ட் மீட்டிங் வருகிறது, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுகிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்றார். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் தனியாகச் சாப்பிட்டேன். பெரிய ரோஷக்காரி!

ஓரமும் நறுக்கினேன். அக்கா வந்தபோது அவளுக்கும் நறுக்கினேன், அதே பட்டியல் விலையை வாங்கினேன். கூடுதல் காசை என் கையிலிருந்து போட்டிருக்கலாம். தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

புரட்டாசியில் அக்காவுக்கு ஆறு மாதம் முடிந்தது. சளியைப் பரிசோதித்தார்கள். கிருமி அப்படியே இருந்தது. டாக்டரம்மா ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் அக்காவை மருந்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

“ஒழுங்காச் சாப்பிட்டியாக்கா, இல்லையா? செவப்பாப் போகுதான்னு கேட்டப்பல்லாம் போகுதுன்னியே?”

“போச்சுட்டி. பொய்யா சொல்லுதேன்? திங்கிற அன்னைக்குப் போச்சு.”

“திங்கிற அன்னைக்குன்னா?”

“ஒருநா விட்டு ஒருநா தின்னேன். அம்புட்டையும் வாங்கக் கட்டுபடியாகல. மொதலாளி எங்க வாங்கித் தந்தாரு? சும்மா சொன்னேன். நீயே எங்களப்போல உள்ளவங்களுக்குன்னு கொறச்சுக் குடுக்க. இன்னுங் கொறட்டின்னு கேட்டா ஒனக்குச் சங்கடம்லா?”

என் சங்கடத்தைப் பார்த்து மருந்தைப் பாதியாகச் சாப்பிட்டிருக்கிறாள்! எனக்குத் தாங்கவில்லை. பில், போர்டு, செயலாளர், டாக்டரம்மா என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். என்னை எப்படி ஏமாற்றியிருக்கிறார்கள் பார் என்று அழுதேன். அக்காவும் என்னோடு சேர்ந்து அவர்களை வைவாள் என்று எதிர்பார்த்தேன்.

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?” என்றாள்.

“ஆடிப் பூரத்தன்னைக்கு.”

“அதுக்குப் பொறவு ரெண்டு தடவ மருந்து வாங்குனேன். ரெண்டு தடவையும் நீதான குடுத்த?”

வேலை போய்விடும் என்றேன். டாக்டரம்மா பேசுவதாகச் சொன்னார் என்றேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் செத்த நேரம் இருமினாள். “சரி, நேரமாச்சு, பஸ்ஸு போயிரும்” என்று எழுந்து போய்விட்டாள்.

டிரஸ்டில் யாரும் எதுவும் பேசவில்லை. நான் அந்த வேலையை விடுவதற்கு இன்னும் ஒரு வருடம் ஆனது, அதுவும் வேறு இடத்தில் வேலை கிடைத்ததால்தான். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போனாள். தினமும் ஊசி, இரண்டு பஸ், வரிசை. பேண்டேஜ் கம்பெனி வேலை போயிற்று. உயிர் பிழைத்தாள். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது, நாலு எட்டு சேர்ந்தாற்போல் நடந்தால் மூச்சு வாங்கும்.

குணமாகிவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு தேவதானம் போனேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் அவசரமாக எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்க, உக்காருங்க” என்றாள். நான் பிறந்த நாளிலிருந்து என்னை ஏட்டி என்று மட்டுமே கூப்பிட்டவள். இன்றுவரை வாங்க, போங்கதான்.