தீனிக்கு ஊதியவன்

விடியலில் எக்காளத்தின் ஊதுவாயைக் கழற்றி அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு லாயத்து வாசலில் நிற்கும் சில்வேன் பாகோவைப் பார்த்தால் எதையும் வென்றவனாகத் தெரியாது. ஆனால் வென்றிருக்கிறான். குதிரை உதைத்துக் கிழிந்த மேலுதட்டை வென்றிருக்கிறான்; இனி ஊதவே முடியாது என்று ரெஜிமெண்ட் மருத்துவர் கைவிரித்த பிறகு, அடுத்த அறுவடைக்குள் அதே உதட்டால் படைமுகாம் முழுவதையும் எழுப்பினான். முகாமில் பாதிப் பேரைப் படுக்கையில் தள்ளிய விஷக் காய்ச்சலை வென்றான். மூன்று ஊதுகாரர்களின் தோளைக் கடித்துத் துரத்திய கலெத் என்ற வெள்ளைக் குதிரையை வென்றான். இப்போது அது அவன் சட்டைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்குகிறது. சந்தையில் பீரங்கிப்படைக்காரர்களோடு மூச்சுப் பந்தயம் போட்டு ஒரு வாத்தை வென்றான். கடைசியாக ஒரு கர்னலை வென்றான்.

இந்தப் பட்டியலை அவன் சொல்லமாட்டான். சொல்வது அவன் அக்கா சொலாஞ். அந்த வாத்து என்ன நிறம், அதை எப்படிச் சமைத்தார்கள் என்பது உட்படச் சொல்வாள். ஷேர் ஆற்றங்கரையில் ரெஜிமெண்டின் துணிகளை வெளுக்கிறவள் அவள். சட்டை ஒவ்வொன்றின் கழுத்திலும் உரியவன் பெயரைச் சிவப்பு நூலால் தைத்துத் தருவாள். கன்னிமாடத்தில் அவள் கற்றது அந்த அளவு எழுத்துத்தான். தம்பி அதுவும் கற்கவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது வீட்டில் மாடு மேய்க்க ஆள் இல்லை.

அந்த ரெஜிமெண்டில் எக்காளம் ஊதுகிறவர்களுக்கு மட்டும் வெள்ளைக் குதிரை. சண்டைப் புழுதியிலும் தளபதியின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக எப்போதோ வந்த வழக்கம். ஆற்றுப்பனி இறங்கும் காலைகளில் அந்த வழக்கம் தலைகீழாகிவிடும். மற்ற குதிரைகளெல்லாம் பழுப்பும் கறுப்புமாகத் தெரியும். கலெத் பனியோடு பனியாகக் கரைந்துவிடும். சில்வேனின் தலைக்கவசத்துச் சிவப்புக் குஞ்சமும், எக்காளத்தின் பித்தளை வாயும் மட்டும் தரையைத் தொடாமல் ஆற்றோரமாக மிதந்து போகும். சொலாஞ் அப்போது துணி அலசுவதை நிறுத்திவிடுவாள். மிதப்பது முழுக்கத் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி தண்ணீரில் கை வைப்பாள்.

அவனுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஒவ்வோர் ஊதலுக்கும் சிப்பாய்கள் கட்டிய சொற்களைக் கொண்டே கற்றான். எழுப்பும் ஊதலுக்கு "எந்திரிடா சோம்பேறி, சூரியன் சிரிக்குது". தீனி ஊதலுக்கு "வாடி கண்ணு, வாடா கண்ணு, மூட்டை அவுந்திருச்சு". இந்தக் கடைசி ஊதல் குதிரைகளுக்கும் மனப்பாடம். முதல் மூன்று சுரங்கள் விழுந்ததும் லாயம் முழுவதும் தொட்டிகளை உதைக்கும். கூரைத் தூசு கொட்டும். எழுத்தையும் அவன் குதிரைகளிடம்தான் பழகினான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் குதிரைகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்தான் வைப்பார்கள். அடுத்த ஆண்டு அடுத்த எழுத்து. தொட்டிக்கு மேலே பலகையில் கறுப்பு வண்ணத்தில் அந்தப் பெயர் இருக்கும். "இந்த எழுத்துக்காரங்க எல்லாரும் கடிப்பாங்க, அந்த எழுத்துக்காரங்க தண்ணியக் கண்டா பயப்படுவாங்க" என்பான். ஓய்வு நேரத்தில் லாயத்து ஈரத்தரையில் குளம்பு சுரண்டும் கொக்கியால் ஏதோ கீறிக்கொண்டிருப்பான். அக்கா வந்தால் பூட்ஸ் காலால் தேய்த்துவிடுவான். சாணி வழிக்கிறான் என்றே அவள் நினைத்திருந்தாள்.

சென்ற குளிர்காலத்தில்தான் ரெஜிமெண்ட் தன் கதையைத் தானே எழுதிக்கொள்ள உட்கார்ந்தது. எழுதும் பொறுப்பு கேப்டன் லெமெர்சியேவுக்கு. நல்ல மனிதர், எழுதிய பக்கத்தை அடுப்பு மூட்டிய கூடத்தில் சிப்பாய்களுக்குப் படித்துக் காட்டுவார். கஞ்சி போட்ட சட்டைகளைக் கொண்டுவரும் சாக்கில் சொலாஞ்சும் கதவோரம் நின்று கேட்பாள். ஒரு பிரபு தன் காட்டை விற்று முந்நூறு குதிரைகள் வாங்கி அரசருக்குக் கொடுத்ததில் தொடங்கியது அந்தக் கதை. அரசர்கள் மாறினார்கள், சட்டைப் பொத்தானில் இருந்த அல்லிப்பூ போய்க் கழுகு வந்தது, கழுகும் போனது. நீலச்சட்டை பச்சையாகி, பச்சை மறுபடி நீலமானது. எங்கோ பனி மூடிய நாட்டுக்குப் போனவர்கள் திரும்பும்போது குதிரைகளை நடத்திக்கொண்டு வரவில்லை, சேணங்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள். கேட்கக் கேட்க, இருநூறு ஆண்டுக் குதிரைகளெல்லாம் அந்தச் சுவர் வழியாகச் சத்தமில்லாமல் நடந்து போவதுபோல் அவளுக்கு இருக்கும். அடுப்பில் விறகு சரிந்தால் குளம்போசையாகக் கேட்கும். பாகோ குடும்பத்தின் பெயர் அதுவரை மாதாகோவில் பதிவேட்டில் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஊர்வலத்தில் அது ஒரு வரி வந்துவிட்டால் போதும். அவள் ஆசை அவ்வளவுதான்.

வருவதற்கு வழி இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், எழுபதாம் ஆண்டுப் போரில் சில்வேனுக்குப் பதினெட்டு வயது. செப்டம்பர் மாதப் பனிக்காலையில், கொடி படரும் கழிகள் நட்ட ஒரு தோட்டத்துக்குள் ரெஜிமெண்ட் பாய்ந்தது. கழிகளில் சிக்கிப் பாதிப் பேர் விழுந்தார்கள். சேணம் காலியான குதிரைகள் காட்டுக்குள் ஓடின. பனிக்கு அப்பால் எதிரியின் குரல்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. காயம்பட்ட மேஜர், "அணி சேர ஊது!" என்று கத்தினார். தரையில் கிடந்த சில்வேன் எக்காளத்தை எடுத்து ஊதினான். வந்தது அணி சேரும் ஊதல் அல்ல. "வாடி கண்ணு, வாடா கண்ணு" வந்தது.

முதலில் பனிக்குள் இரண்டு காதுகள் தெரிந்தன. அவனுடைய பழைய குதிரை புரூம். அதன் பின்னால் ஒன்று, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. காட்டிலிருந்து குதிரைகள் தலையை ஆட்டிக்கொண்டு, தீனிப் பையைத் தேடிக்கொண்டு, கனவில் வருவதுபோல் வந்து நின்றன. விழுந்து கிடந்தவர்கள் ஏறிக்கொண்டார்கள். அன்று மாலை ரெஜிமெண்ட் என்று சொல்லிக்கொள்ள ஆட்கள் மிஞ்சியது அப்படித்தான்.

கேப்டன் இதை அப்படியே எழுத விரும்பினார். கர்னல் விடவில்லை. அணி சேர ஊதியதாக எழுது, இல்லாவிட்டால் ஊதியவன் பெயரையே எடுத்துவிடு என்றார். வேகமாய் ஓடும் குதிரை சவாரிக்காரனுக்குக் கட்டுப்படுமே தவிரத் தீனிக்கு ஓடாது என்பது அவர் கட்சி.

"பாகோ, அவர் சொல்றதையும் கேளு" என்றார் கேப்டன். "நம்ம கொடியில நாலு போரோட பேரு தங்க நூல்ல தெச்சிருக்கு. அதுக்குக் கீழ தீனி மூட்டைய எப்படித் தொங்கவிடுறது?"

"தொங்கவிட வேணாம் ஐயா. குதிரைக்கு முன்னாடி வெச்சிடுங்க."

அன்று சொலாஞ் தம்பியை ஆற்றங்கரையில் பிடித்துக்கொண்டாள். "டேய், அணி சேரத்தான் ஊதினேன்னு சொல்லிட்டுப் போயேன்டா. யாரு வந்து கேக்கப் போறா?"

"குதிரைங்க கேக்கும்க்கா."

"குதிரைக்குப் படிக்கத் தெரியுமா?"

"எனக்கு மட்டும் தெரியுமா? யாராவது படிச்சுக் காட்டுறப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கேக்கப் போறோம்."

"நம்ம அப்பா பேரு எதுலயாவது வந்திருக்கா? தாத்தா பேரு? ஒரே ஒரு வரிடா சில்வேன்."

அவன் பிழிந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினான். அவன் சரி என்று சொல்லும்போது துணியை முறுக்கமாட்டான். அவளுக்கு அது தெரியும்.

லாடம் கட்டும் மத்தூரனும் வழியெல்லாம் நின்று சீண்டினான். எழுபதில் அவனும் கழித் தோட்டத்தில் விழுந்து, அந்த ஊதலுக்கு வந்த ஒரு குதிரையில் ஏறித் தப்பியவன்தான். "சொலாஞ்சக்கா, கவலப்படாத. உன் தம்பி பேரு சரித்திரத்துல வராட்டி என்ன, சமையல் குறிப்புல வரும்."

"நீ உசுரோட நின்னு பேசுறதே அந்தச் சமையலாலதான். போய் லாடத்த அடி."

குளிர்காலம் முடிகிறவரை கேப்டனின் நூலில் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. மார்ச் மாதத்தில் ஒருநாள் பனி ஆற்றிலிருந்து எழுந்து நகரத்துக்குள் வந்துவிட்டது. கர்னல் தன் கறுப்புக் குதிரையில் பயிற்சி மைதானத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். முகாம் வாசலில் சில்வேன் நண்பகல் தீனிக்கு ஊதினான். சொலாஞ் துணி அலசும் கல்லில் இருந்தாள். பனிக்குள் ஒரு குளம்போசை முதலில் நடந்தது, பிறகு ஓடியது, பிறகு பறந்தது. கூடவே ஒரு பெரிய மனிதர் வாயில் வரக்கூடாத சொற்களும் அவள் தலைக்கு மேலாகப் பறந்தன. அந்தச் சொற்கள் போன பிறகு, வெகுநேரம் கழித்து, ஒரு தொப்பி ஆற்றில் மிதந்து வந்தது.

முகாமில் நடந்ததை மத்தூரன் பிற்பாடு நடித்தே காட்டினான். குதிரை லாயத்துக்குள் புகுந்து தொட்டியில் வாயை வைத்த பிறகுதான் நின்றது. மேலே கர்னல், ஒரு கால் சேணத்து வளையத்தில், ஒரு கால் காற்றில்.

"என்ன ஊதினே?"

"தீனிக்கு, கர்னல் ஐயா."

"நான் கடிவாளத்த இழுத்தேன்."

"தெரியுதுங்க ஐயா."

"ரெண்டு கையாலயும் இழுத்தேன்!"

"அதுவும் தெரியுதுங்க."

கர்னல் சற்று நேரம் தன் குதிரை மெல்லுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "லெமெர்சியேயைக் கூப்பிடு" என்றார்.

அன்று மாதாகோவிலில் பன்னிரண்டு மணி அடிக்கும் முன்பே எக்காளம் கேட்டதாகச் சொலாஞ்சுக்கு ஒரு நினைவு. தம்பியிடம் கேட்டால், "பனியில சத்தம் முன்ன பின்ன வரும்க்கா" என்பான்.

கேப்டன் புதிய பக்கத்தைப் படித்துக் காட்டினார். ஊதுகாரன் சில்வேன் பாகோ சமயோசிதமாகத் தீனி ஊதலை ஊதி ரெஜிமெண்டைக் காப்பாற்றினான் என்று இருந்தது. கதவோரம் சொலாஞ் மாதாவை வேண்டிக்கொண்டாள். தம்பி வாயைத் திறந்தான்.

"சமயோசிதம்னா என்னங்க ஐயா?"

"சட்டுனு மூளைய உபயோகிச்சேன்னு அர்த்தம்."

"நான் உபயோகிக்கலையே. ரெண்டு நாளா பட்டினி. பயம் வேற. வாய் தவறிப்போச்சு."

"இப்படி எழுதினா உனக்குத்தான்டா பெருமை!"

"புரூமுக்கு இல்லீங்களே. அது சரியாத்தான் கேட்டுச்சு. தப்பா ஊதினது நான்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். சொலாஞ் கையிலிருந்த சட்டைக் கூடையை இறுக்கிக்கொண்டாள். போயிற்று, வந்த வரியும் போயிற்று. கேப்டன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு சொல்லை அடித்து, மேலே இரண்டு சொற்களை எழுதினார். "வாய் தவறி. சரியா?"

"சரிங்க ஐயா."

குதிரைப்படையின் காவலரான புனித ஜார்ஜின் திருநாளன்று, எழுதி முடித்த நூலை, ரெஜிமெண்டின் கொடியை வைத்திருக்கும் மரியாதைக் கூடத்து மேசையில் வைத்தார்கள். மேசைவிரிப்பு சொலாஞ் வெளுத்தது; ஒரு சுருக்கம் இல்லை. எழுபதாம் ஆண்டுப் பக்கத்தில் பெயர் வந்த, உயிரோடு இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வரிக்குப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக்குறி போடலாம். மத்தூரன் போட்டுவிட்டு வந்து, "கல்லறையில வைக்கப்போறத இன்னைக்கே வெச்சாச்சு" என்றான்.

சில்வேன் மேசையருகில் போனான். கர்னல் சன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் வரியைக் காட்டி, "இங்க ஒரு சிலுவை போட்டாப் போதும்" என்றார். கை கோணினால் பிடித்து நிறுத்தலாம் என்று சொலாஞ் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"எங்க ஐயா அந்த ரெண்டு வார்த்தை?" என்று கேட்டான் சில்வேன். கேப்டன் விரலால் தொட்டுக் காட்டினார். அவன் குனிந்து, எழுத்து எழுத்தாக, லாயத்தில் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நடப்பதுபோல் தலையை மெல்ல நகர்த்திப் பார்த்தான். பிறகு பேனாவை வாங்கி, எக்காளத்து எச்சிலை உதறுவதுபோலக் கீழ்நோக்கி ஒருமுறை உதறினான். கேப்டனின் வெள்ளைக் கையுறையில் மூன்று புள்ளிகள் விழுந்தன. தழும்பேறிய மேலுதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, மூச்சை முழுக்க உள்ளே இழுத்துப் பிடித்தான்.

மையில் எழுந்தவை பள்ளிக்கூட எழுத்துகள் அல்ல. தொட்டிப் பலகையின் எழுத்துகள், தடித்து, நான்கு காலில் நிற்பவை. முதல் பெயர் முடிந்தது. குடும்பப் பெயரின் முதல் எழுத்து புரூமின் எழுத்து. அதை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாகப் போட்டான். கடைசி எழுத்து முடிந்த பிறகே மூச்சை விட்டான். தாளின் ஓரம் மெல்ல அசைந்தது. அதற்குக் கீழே கேப்டன், புள்ளி விழுந்த கையுறையோடு, தேதியை எழுதினார்: 1889 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை.