ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாய் மீன்

என் கணவருக்கு மீன் பிடிக்காது என்பது தெரிந்துதான் அவரைக் கட்டினேன். யாழ்ப்பாணத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீன்தான். அவர் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் இயந்திரங்கள் திருத்துபவர். நான் கண்டியில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை செய்துகொண்டிருந்தேன். பிறப்புச் சான்றிதழில் தன் அப்பாவின் பெயரைப் பிழையாக எழுதியிருந்ததைத் திருத்துவதற்கு அவர் மூன்று முறை வந்தார். நான்காம் முறை திருத்த ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் வந்தார்.

என் வீட்டில் யாரும் வெளிப்படையாக மறுக்கவில்லை. அப்பா திருமணத்துக்கு வந்தார், தாரை வார்த்தார், அடுத்த நாளே ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் அம்மா இவருக்காகத் தனியாகக் கோழிக்கறி வைத்தார். அப்பா அதைக் குறையாகவே எடுத்துக்கொண்டார். இவர் முன்னால் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருமுறை என்னிடம் மட்டும், "எங்கட சாப்பாடு அவருக்கு ஒத்துவராது போல" என்றார். அப்பா சாப்பாட்டை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது.

திருமணமாகி மூன்றாம் வருடம் தொழிற்சாலையில் எல்லாருக்கும் இரத்தம் சோதித்தார்கள். இவருக்குக் கொழுப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. வயது முப்பத்தாறுதான். ஆனால் இவருடைய அப்பா நாற்பத்திரண்டு வயதில் கொழுந்து மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவேயில்லை. வைத்தியரிடம் போனோம். பொரித்த கோழியையும் ஆட்டிறைச்சியையும் குறைக்கச் சொன்னார். மீன் சாப்பிடுங்கள் என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்ததும், மரக்கறியோடு இருந்துவிடுகிறேன் என்றார். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

நான் அவசரப்பட்டேன். சூரை மீனை அவித்து, முள் எடுத்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து, மிளகும் தேசிக்காய்ப் புளியும் தாராளமாகச் சேர்த்து கட்லட் செய்தேன். கோழி என்று சொல்லிக் கொடுத்தேன். நான்கு சாப்பிட்டார். அடுத்த கிழமை ஐந்து. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மூன்றாம் கிழமை அவர் பல்லுக்கிடையில் முள்ளொன்று குத்தியது.

அதை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார்.

"சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்ல" என்றார். "ஏமாத்தி ஊட்டுறதுக்கு நான் என்ன சின்னப் புள்ளையா?"

இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. சண்டையும் போடவில்லை. தொழிற்சாலைக் கன்ரீனில் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வந்து பேசாமல் படுத்துவிடுவார். மூன்றாம் நாள் பின்னேரம் நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோதுதான் தானாகவே சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது அடைமழையில் மலை சரிந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் ஒரு பக்கத்தை மூடிவிட்டது. உயிர் தப்பிய குடும்பங்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். ஒன்றரை மாதம். வெளியிலிருந்து வந்ததெல்லாம் அரிசியும் டின்மீனும்தான். காலையும் மாலையும் அதுவே. வகுப்பறையிலும், உடுப்பிலும், போர்வையிலும் அந்த வாடை. ஒருநாள் அவர் வாந்தியெடுத்தபோது, வேறு ஒன்றும் இல்லாததால் அவருடைய அம்மா அழுதுகொண்டே திரும்பவும் அதையே ஊட்டியிருக்கிறார்.

"அந்த வாடை மூக்குல ஏறினா மழைச் சத்தமும் சேந்தே வருது" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று வருடம் ஒன்றாக இருந்தும், அவருக்கு ஏன் பிடிக்காது என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. பிடிக்காது என்றால் பழக்கமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். "இனி ஒண்டையும் மறைக்கமாட்டன்" என்றேன். அன்று இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், என்ன கறி என்று சொல்லி ஒரு வாய் கொடுப்பேன். பிடிக்காவிட்டால் அவர் துப்பலாம். நான் முகத்தைச் சுருக்கவும் கூடாது, இன்னொரு வாய் என்று கெஞ்சவும் கூடாது.

முதல் ஞாயிறு இறால் பொரியல். நீண்ட நேரம் மென்றுவிட்டு, "இது மீன் மாதிரியே இல்லையே" என்று இன்னும் மூன்று எடுத்தார். அடுத்த ஞாயிறு கணவாய். அடுப்பில் அதிக நேரம் விட்டுவிட்டேன், செருப்பு வார் மாதிரி ஆகிவிட்டது. அது என் பிழை. மூன்றாம் ஞாயிறு சூரைக் குழம்பு. வாயில் வைத்தவுடன் எழும்பிப் பின்பக்கம் ஓடினார். நான் ஒன்றும் பேசாமல் கோப்பையைக் கழுவினேன். பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒருநாளும் பச்சை மீனைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்த மீன் நடுப்பகலில்தான் வந்து சேருமாம், அதற்குள் நாறத் தொடங்கிவிடுமாம். கண்டி மார்க்கெட்டிலும் மீன் விற்கும் பக்கம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கத்தால் போய்விடுவார். அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில், லொறியில் வந்த மீனை இறக்கிக்கொண்டிருக்கும்போதே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வழமையாக வாங்கும் முஸ்லிம் வியாபாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பாரை மீனைத் தூக்கிச் செவுளை விரித்துக் காட்டினார்.

"மோந்து பாருங்க சேர். நாறினா வாங்க வேணாம்."

இவர் தயங்கித் தயங்கிக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஆச்சரியம். "நாத்தம் இல்லையே. உப்புத் தண்ணி வாசந்தான் வருது" என்றார்.

அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்வி. செவுள் ஏன் சிவப்பாக இருக்க வேண்டும், கண் எப்படி இருந்தால் நல்லது, விரலால் அழுத்தினால் சதை எவ்வளவு வேகமாக மேலே வர வேண்டும். பழுதான தையல் இயந்திரத்தைத் திறந்து பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அன்றைய பாரையை அவரே தெரிவுசெய்தார். மதியம் அதைப் பொரித்துத் தேசிக்காய் பிழிந்து வைத்தேன். ஒரு துண்டு முழுவதையும் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மார்க்கெட் அவருடைய பொறுப்பானது. பொரியலுக்குப் பிறகு பால்கறி, அதற்குப் பிறகு குழம்பு. கூட வேலை செய்யும் சிங்களப் பெண்ணொருவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, கொறக்காய்ப் புளியையும் மிளகையும் அரைத்து மீனில் பூசி, மண்சட்டியில் வற்றவைக்கும் விதத்தையும் பழகிவிட்டார். முதல் இரண்டு முறை அடிப்பிடித்தது. மூன்றாம் முறை நான் என் சோற்றை முடித்துவிட்டுச் சட்டியை வழித்தேன். அடுத்த இரத்தச் சோதனை முடிவைப் பார்த்த வைத்தியர், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இவர் ஆறு மாதக் கதையையும் சொல்லப் போனார். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றதால் நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

போன சித்திரை விடுமுறைக்கு அப்பா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலியால் அம்மா வரவில்லை. கண்டியில் நல்ல மீன் எங்கே கிடைக்கப் போகிறது என்று குளிர் தாங்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் போட்டு மீன் கொண்டுவந்திருந்தார். அவர் வந்த பஸ் மாத்தளைக்கு அங்காலே பழுதாகி, விடியும்போது வர வேண்டியது பத்து மணிக்குத்தான் வந்தது. குசினியில் அப்பா பெருமையோடு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

எனக்கு வாடை தெரிந்தது. அப்பாவின் மனதை நோகடிக்காமல், அவர் குளிக்கப் போனதும் புதைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் இவர் ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"மாமா, வழியில ஐஸ் உருகிருச்சு. செவுள் கறுத்துப் போச்சு. இதச் சாப்புட்டா ஒங்களுக்குத்தான் ஒத்துக்காது" என்றார் மெதுவாக.

ஐம்பது வருடமாக மீன் பார்த்து வாங்குகிற மனுஷனிடம், மீனே தின்னாதவர் என்று பெயரெடுத்த மருமகன் சொல்கிறார். அப்பா அந்த மீனைக் கையில் வாங்கினார். அழுத்திப் பார்த்தார். மணந்து பார்த்தார்.

"ஓம்" என்றார். "பழுதாப் போட்டுது."

இவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க மாமா, மார்க்கெட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றார். நானும் போனேன். அப்பா ஓரடி பின்னால் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். இவர் இரண்டு மீனைத் தள்ளிவிட்டு மூன்றாவதைத் தொட்டார். அப்பா எட்டி அதன் கண்ணைப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் தலையசைத்தார்.

சமைத்ததும் இவர்தான். கொறக்காய் போட்ட அந்தக் கறியை அப்பா அதற்கு முன் சாப்பிட்டதில்லை. முதல் துண்டை முடித்தார்.

"தம்பி, இது ஆர் சொல்லித் தந்தது?"

"வேல செய்யிற எடத்துல ஒரு அக்கா, மாமா."

"நல்லா வந்திருக்கு. எனக்கு இன்னொரு துண்டு வையும்."

இவர் அகப்பையோடு எழுந்தார். நான் சோறு போடுவதுபோல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்த என் முகத்தை அப்பாவுக்குக் காட்ட விருப்பமில்லை.

நான்கு நாள் நின்ற அப்பா, போகும்போது ஒரு பொட்டலம் கொறக்காய் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு அம்மாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. என்னிடம் சுகம் விசாரித்துவிட்டு, போனை மருமகனிடம் கொடுக்கச் சொன்னார். எவ்வளவு மிளகு, எவ்வளவு பழப்புளிக்கு ஈடாக எத்தனை கொறக்காய், அடுப்பை எப்போது தணிப்பது என்றெல்லாம் கேட்டார். இவர் ஜன்னலோரம் நின்றபடி அரை மணித்தியாலம் ஒவ்வொன்றாக விளக்கினார். எங்கள் ஊரில் மீன் கறிக்குப் பெயர் போனவர் என் அம்மா. அவர் மறுமுனையில் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.