எண்ணூர் ரோட்டில் நான் போட்ட கூச்சல்

2009-ம் வருஷம். அப்போது திருவொற்றியூரில் குடியிருந்தோம். வேலை மாற்றலாகி கோயம்புத்தூர் போக வேண்டியிருந்ததால், பழைய காரை விற்க இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டேன். ஆபீஸ் நண்பர் சும்மா இருந்தாரா? ஓட்டிப் பார்க்கிறேன் என்று வந்து, ஆளைக் கீழே தள்ளிவிட்டு வண்டியோடு போய்விடுகிறார்கள் என்று கிளப்பிவிட்டார். நானோ பிறவித் தொடைநடுங்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள். சாவியை வாங்கி வண்டியை எடுத்தார். நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். ரெண்டு தெரு சுற்றித் திரும்புவார் என்று பார்த்தால், வண்டி எண்ணூர் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டேன். "தோ, கிட்டதான் சார்" என்றார். மறுபடி கேட்டதற்கு, ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினார். நடுவில் செல்போனில் யாரிடமோ அடிக்குரலில் பேசினார். கார் போனால் போகட்டும், உயிரோடு வீடு போய்ச் சேருவேனா?

கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் எங்கள் வண்டியும் நின்றது. கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். "திருடன், திருடன்" என்று கத்தினேன். அவ்வளவுதான். லாரிக்காரர்களும் டீக்கடையில் நின்றவர்களும் ஓடிவந்து அவரை வெளியே இழுத்தார்கள். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சட்டை கிழிந்தது, உதட்டில் ரத்தம். ஒருவர் லாரியிலிருந்து இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு வந்தார். ஐயோ, கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் எதிர் ஷெட்டிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு ஒரு மெக்கானிக் ஓடிவந்து குறுக்கே நின்றார். "அடிக்காதபா. வண்டிய காட்டறதுக்கு என்னாண்டதான் வந்துகினு கீறாரு, இப்பதான் போன்ல சொன்னாரு" என்றார். பழைய வண்டி வாங்குகிறவர்கள், தங்கள் மெக்கானிக் யாரென்று விற்கிறவரிடம் மூச்சுவிட மாட்டார்களாம். தெரிந்தால் நாம் முன்கூட்டியே அவரைச் சரிக்கட்டிவிடுவோமாம். அதனால்தான் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சாவியை என் கையில் வைத்தார். உதட்டு ரத்தத்தைக் கிழிந்த சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நான் செத்துருந்தா என் பொண்டாட்டியாண்ட வந்து இன்னா சார் சொல்லியிருப்ப?"

காரை அப்புறம் வேறு யாருக்கோ விற்றேன். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் இப்போதும் தெருவில் யாராவது 'திருடன்' என்று கத்தினால், தொடை நடுங்க நடுங்க, அந்த மெக்கானிக்கைப் போல நானும் குறுக்கே போய் நிற்கிறேன்.