பால்மா டின்னில் ஒரு புல்

சீனக்குடா ரயில் கடவைக் காவலாளி அவர். ரயில் போனதும் கேற்றைத் திறந்துவிட்டு, குனிந்தபடி தண்டவாளத்தோரம் நடப்பார். கப்பல் கோதுமையோடு கலந்து வந்து ரயில் பெட்டிகளிலிருந்து சிந்தும் காட்டு ஓட்ஸ் என்ற களை அங்கே முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் போன களை அதிகாரி நான். கையிலிருந்த களைப் படத்தையும் அங்கே நின்ற புல்லையும் மாறிமாறிப் பார்த்துக் குழம்பினேன். அவர் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டார். அதன் மீசை போன்ற முள் மெல்லச் சுழன்றது.

"இப்பிடிச் சுத்தினா அதுதான், சேர். கண்டதெல்லாம் பிடுங்கிப்போடுவன்."

அவருடைய கொட்டில் வாசலில், ஒரு பால்மா டின்னில் அதே புல் நின்றது. "அப்ப இந்த டின்னில நிக்கிறது?" என்றேன்.

"ஒண்டும் இல்லாட்டி, பிறகு வாறதை எதோட ஒப்பிடுறது? வருசத்தோட சாகிற புல். அதால அடுத்த வருசத்துக்கெண்டு ஒரேயொரு விதையை முத்த விடுறனான்."

ஒன்றும் முத்தக்கூடாது என்பதே விதி. டின்னைத் தொடாமலே, 'முற்றாக அகற்றப்பட்டது' என்று அறிக்கை எழுதினேன். இன்றும் அந்தக் கடவையில் பஸ் நின்றால் டின்னைத்தான் தேடுகிறேன். பச்சை தெரிந்தால் பயம். தெரியாவிட்டால் அதைவிடப் பயம்.