இரும்பு மெஷினில் தங்கிப்போன காட்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் மருந்து விற்கும் ஒரு பாமசியில் ஆறு வருடம் கல்லாவில் இருந்தேன். அந்த வாயை வைத்துத்தான் காலம் தள்ளினேன். அதே வாயால் ஒரு மனிதரைக் கொழும்புக்குள்ளேயே ஓடி ஒளிய வைத்தேன்.

யுத்த காலம். கிரெடிட் காட் மெஷின் அப்போது டெலிபோன் லைனில்தான் ஓடும். லைன் அடிக்கடி செத்துப் போகும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அப்படியான நாளில் மேசை லாச்சிக்குள் கிடக்கும் பழைய இரும்பு மெஷினை எடுப்பேன். காட்டை அதில் படுக்க வைத்து, மேலே காபன் துண்டை வைத்து, கைப்பிடியை அங்கும் இங்கும் ஒருதரம் இழுத்தால் காட்டின் எழுத்தெல்லாம் துண்டில் பதியும். பிறகு பாங்க் மறுத்தால் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டுமே! அதற்காகத் துண்டின் பின்பக்கம் அடையாள அட்டை நம்பரும் கொழும்பு விலாசமும் எழுதி வாங்குவது முதலாளியின் சட்டம்.

லைன் செத்த ஒரு காலையில்தான் அவர் வந்தார். அறுபது வயதிருக்கும். மனைவியை ஒப்பரேஷனுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டி வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும். டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து வாங்கத்தான் எங்களிடம் வந்தார். கனடாவில் இருக்கும் மகள் அவர் பெயரில் ஒரு காட் எடுத்து அனுப்பியிருந்தாள்.

“இதை விட்டா எங்களுக்குக் கொழும்பில வேற ஒண்டுமில்லை, பிள்ளை” என்று சொல்லித்தான் அதை நீட்டினார்.

துண்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நம்பரை எழுதியவர், விலாசத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தினார்.

“விலாசம் கட்டாயமோ?”

“ஓம் ஐயா, லைன் இல்லாட்டி எல்லாரும் எழுதத்தான் வேணும். கெதியா எழுதுங்கோ, பின்னால சனம் நிக்குது.”

எழுதினார். மருந்துப் பையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அரை மணி கழித்து இன்னொருவர் காட்டை நீட்டியபோது மெஷினைப் பார்த்தால், ஐயோ, அவருடைய காட் அதிலேயே கிடக்கிறது. பிழை முழுக்க என்னுடையது. அவரை அவசரப்படுத்தியவளும் நான்தான்.

மத்தியானம் துண்டையும் காட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் எழுதிய வீட்டு இலக்கத்தில் ஒரு சலூன் இருந்தது. இங்கே யாரும் தங்குவதில்லை என்று சலூன்காரர் சிங்களத்தில் சொன்னார். பொய் விலாசம்! உண்மையை எழுதினால் தலையா போய்விடும் என்று நடுறோட்டில் நின்று அந்த மனிதரைத் திட்டினேன். லொட்ஜில் தங்கிய தமிழரைப் பொலிஸ் இரவில் பிடித்துக்கொண்டு போன அந்த நாட்களில் தலையும் போகும் என்பது எனக்குத் தெரியாததா?

பிறகு லொட்ஜ் லொட்ஜாக ஏறினேன். காட் என்று வாய் திறந்தால் யாராவது வாங்கி அமுக்கிவிடுவார்கள் என்று பயந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்றாவது லொட்ஜில் மனேஜரிடம் பெயரைச் சொன்னேன், நம்பரையும் வாசித்தேன்.

“அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை.”

“பேர் எழுதிற கொப்பியை வடிவாப் பாருங்கோ! ஆள் எனக்குக் கட்டாயம் வேணும்!” என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

உரியவர் வராத காட்டை வெட்டி பாங்குக்கு அனுப்பச் சொன்னார் முதலாளி. என் கையால் வெட்ட மாட்டேன் என்று சண்டை பிடித்து லாச்சியில் வைத்தேன். அவர் எப்படியும் தேடி வருவார் என்று நம்பினேன். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் வந்தார். கடையில் சனம் போகும்வரை வெளியிலேயே நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

“பிள்ளை, என்னை மன்னிக்க வேணும். விலாசத்தைப் பிழையா எழுதிப்போட்டன்.”

“அதை விடுங்கோ ஐயா. இந்தாங்கோ உங்கட காட். ஏன் அண்டைக்கே வரேல்லை?”

“வர வெளிக்கிட்டனான். ஆரோ ஒரு பொம்பிளை என்ர பேரையும் நம்பரையும் சொல்லி அதட்டிக் கேட்டதெண்டு லொட்ஜில சொன்னாங்கள். பொய் விலாசம் பொலிசுக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு நினைச்சு, மனிசியையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஓடிட்டம். மகள் வேற வழியால காசு அனுப்ப அஞ்சு நாளாச்சுது, ஒப்பரேஷனும் பிந்திட்டுது.”

“அம்மா எப்பிடி?”

“முந்தநாள் எரிச்சம்.”

நான் தேடிப் போகாமல் கடையிலேயே இருந்திருந்தால் அவர் அன்றைக்கே வந்து காட்டை வாங்கியிருப்பார். சத்தம் போட்ட அந்தப் பொம்பிளை நான்தான் ஐயா என்று சொல்ல வேண்டும். எந்நேரமும் ஓயாத என் வாய் அப்போது திறக்கவில்லை.

“அந்தத் துண்டு இருக்கோ? சரியான விலாசத்தை எழுதி விடுறன். இனி ஒளிச்சு என்ன?”

எடுத்துக் கொடுத்தேன். பழைய விலாசத்தைக் கோடிட்டு வெட்டிவிட்டு, கொட்டாஞ்சேனை விலாசத்தை நிறுத்தி நிதானமாக எழுதினார். இந்தத் தடவை நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

அந்தத் துண்டை என்னிடமே வைத்துக்கொண்டேன். கொட்டாஞ்சேனை ஒரு பஸ் தூரம்தான். போய் உண்மையைச் சொல்ல நான் ஒருநாளும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.