திரும்பும்போது பதினொரு கிலோ

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் எடை விமானத் திடலில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது. என் வீட்டுக்காரர் செய்த புண்ணியம். கட்டின பெண்டாட்டியைத் தராசில் ஏற்றி, கிலோவைச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்ளும் மனுஷனை வேறெங்கும் பார்க்க முடியாது. பஸ் டிப்போவில் அவர் இன்ஜின் மெக்கானிக். அவரும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு பழைய நாலு சீட்டு விமானத்தை வாங்கி, தாங்களே பிரித்து மேய்ந்து பறக்க வைத்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் முறை. ஏறுகிற ஆளையும் பையையும் போகும்போதும் நிறுப்பார், வரும்போதும் நிறுப்பார். ஆள் ஏறி நிற்க ஒரு தராசும் பையை மாட்ட ஒரு தொங்கு தராசும் சீட்டுக்கடியில் கிடக்கும். திடலில் அவருக்குப் பேரே 'தராசு'தான்.

எங்கள் முறை வந்தால் போகிற இடம் ஒன்றே ஒன்று. கடலுக்கு மேல் இருபத்தைந்து நிமிஷம் பறந்தால் ஒரு தீவு. மாமனார் அங்கே படகு பழுது பார்த்தவர். இவரும் இவருடைய அண்ணனும் பிறந்து வளர்ந்த வீடு இன்னும் அங்கே நிற்கிறது. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. அதன் பிறகு அந்த வீட்டில்தான் இருப்பு என்று முடிவு கட்டியிருந்தார். மூன்று மாசம் முன்புதான் கூரைத் தகடு முழுவதையும் மாற்றினார். தகட்டைப் படகில் அனுப்பிவிட்டு, ஆணியை மட்டும் நிறுத்து நிறுத்து விமானத்தில் கொண்டுபோனார்.

பத்திரம் அண்ணன் பேரில் இருந்தது. மாமனார் போனதும், ஒருத்தர் பேரில் இருந்தால் அலைச்சல் குறையும் என்று அண்ணன் சொன்னார், இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆணியைக்கூட நிறுக்கிற மனுஷன் அந்தக் காகிதத்தை ஒரு தடவை படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் கேட்டதற்கு, "அண்ணன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன?" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராத அண்ணன், போன மாசம் தானாகவே போன் செய்து, வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றார். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த ஞாயிறு, அண்ணனை நிறுத்தார், பையை நிறுத்தார். பை நாலு கிலோ. முன் சீட்டில் அண்ணனை உட்கார வைத்து, வழியெல்லாம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே ஓட்டினார். வீட்டுக்கு மேல் வழக்கமாக ஒரு சுற்று சுற்றுவார். அன்று இரண்டு சுற்று. புதுக் கூரை வெயிலில் மின்னியது. நல்லா இருக்குடா என்று அண்ணன் சொன்னார்.

சாப்பிட்டு முடித்து இவர் இன்ஜினைப் பார்க்கப் போனபோது, அண்ணன் தனியாக வீட்டைச் சுற்றி வந்தார். பழைய நினைப்பு, இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கிளம்பும் நேரம் இவர் வழக்கம்போலத் தராசை நீட்டினார். அதே பைதானே என்று அண்ணன் தயங்கினார். இவர் சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டினார். முள் பதினொன்றில் நின்றது.

உள்ளே துண்டில் சுற்றின சுவர்க் கடிகாரம், மாமனாரின் பெரிய சுத்தியல், மாமியாரின் சட்டம் போட்ட படம்.

"அடுத்த மாசம் திரும்ப வரத்தானே போறோம், இங்கயே இருக்கட்டுமே அண்ணா," என்றார் இவர். அப்போதும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அண்ணன் தரையைப் பார்த்தார். "அடுத்த மாசம் இது நம்ம வீடு இல்லடா. வித்துட்டேன். நாலு மாசம் ஆச்சு."

நாலு மாசம். அப்படியானால் யாரோ ஒருத்தன் வீட்டுக்கு இவர் கூரை போட்டிருக்கிறார். "வீட்டைக் கொடுத்துட்டு கடிகாரத்தைக் காப்பாத்த வந்தீங்களா அத்தான்?" என்று கேட்டே விட்டேன்.

இவர் என்னைக் கையமர்த்தினார். "கூரை போடறேன்னு போன்ல சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. சொல்ல வாய் வரல."

இவர் பையைக் கட்டி வைத்தார். அவரைப் பின்னால் தள்ளுங்கள், நான் முன்னால் உட்காருகிறேன் என்றேன். அண்ணன் கனத்த ஆள். "எடை ஒத்துக்காது. அவர் முன்னாடிதான் உட்காரணும்," என்றார் இவர். அதுவரை அண்ணனை இவர் 'அவர்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. இருபத்தைந்து நிமிஷமும் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வந்தார்கள். வீட்டுக்கு மேல் இவர் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

இறங்கியதும் அண்ணன் பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடந்துவிட்டார். இவர் பயணப் புத்தகத்தில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு விமானத்தைக் கட்டப் போனார். காலையில் போனதற்கு எழுதியிருந்தது: "நான், மனைவி, அண்ணன். பை நாலு கிலோ." அதற்குக் கீழே, அதே கையெழுத்தில்: "நான், மனைவி, பயணி ஒருவர். பை பதினொரு கிலோ."