பாதி இறங்கிய ஷட்டர்கள்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் கார் ஊர்ந்துதான் போகிறது. மேலே கட்டிய அலைச்சறுக்குப் பலகையின் கயிறு தளர்ந்துவிட்டது. கால் வழுக்காமலிருக்க அதில் பூசிய மெழுகு வெயிலில் உருகாமலிருக்க வெள்ளை வேட்டியால் சுற்றியிருக்கிறேன். நாளைக் காலை கோவளத்தில் நல்ல அலை இருக்குமாம். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

வழியெல்லாம் ஒவ்வொரு கடையாக ஷட்டர் பாதி இறங்குகிறது. காரணம் புரியாமலே, புதுக் கயிறு வாங்க ஒரு கயிற்றுக்கடை முன்னால் நிறுத்துகிறேன். கடைக்காரர் கைகூப்பியபடி வருகிறார்.

“யாருங்க தவறிட்டது?”

அப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அவசரமாக வேட்டியை விலக்குகிறேன்.

“ஐயோ, இது கடல் அலை மேல நின்னு போற பலகைங்க!”

அவர் பலகையைத் தட்டிப் பார்க்கிறார். “இன்னாங்க நீங்க! பொணம் போவுதுன்னு பஜாரே ஷட்டர எறக்கிடுச்சு!”

எதிர்க்கடைக்குக் கன்னடத்தில் கூவிச் சொல்கிறார். சிரிப்புச் சத்தத்தோடு ஷட்டர்கள் மேலே ஏறுகின்றன. இந்தப் பலகைக்கு இவ்வளவு மரியாதை எந்தக் கடற்கரையிலும் கிடைத்ததில்லை.

புதுக் கயிற்றை அவரே இறுக்கிக் கட்டுகிறார். பிணம் கடந்ததும் வாசலில் தெளிக்க எடுத்துவைத்த சொம்புத் தண்ணீர் படியில் அப்படியே இருக்கிறது. அதைத் தூக்கிப் பலகையின் தலையில் ஊற்றுகிறார்.

“அவ்ளோ தூரம் போவுது, எங்க ஊர் தண்ணியும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போவட்டும்.”